சோளக்காட்டில் தொங்கிய பழைய வெர்ஷன்

அன்று மெஷின் அறையில் இருந்தவர்கள்:

ஆபீசர். செருப்பை வாசலில் விட்டிருந்தார். குடையை விடவில்லை.

புள்ளியியல் மேடம். ஆபீசருக்கு அடுத்த பதவி. நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டோர் கீப்பர் ஆரோக்கியசாமி. கடத்தூர்ப் பக்கம் சொந்தக் காடு உள்ளவர். கையில் சாவிக்கொத்து.

பெங்களூர்க் கம்பெனி ஆள். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். மடியில் ஒரு அட்டைப் பெட்டி.

நான், மாதப்பன். மெஷின் ஆபரேட்டர். எட்டாவது பாஸ்.

மெஷினையும் சேர்க்கலாம். அன்று அளவாகப் பேசியது அது ஒன்றுதான்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். புது வெர்ஷன் போடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு விளக்கிச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் எங்கள் அலுவலகம். மாவட்டத்தில் எந்தப் பயிர் எவ்வளவு விளைந்தது என்று கணக்குப் போடுவதுதான் வேலை. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது இருந்த அறைக்கு மட்டும் ஏ.சி. எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குப் படிப்பு காரணமில்லை. ஏ.சி.யில் உட்கார்ந்த மற்றவர்களுக்கெல்லாம் சளி வந்தது. எனக்கு வரவில்லை.

மெஷினுக்குள் எதுவும் தங்காது. எல்லாம் பிளாப்பியில்தான். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சதுரமான கறுப்பு உறை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு. நடுவில் ஓட்டை. காலையில் சாப்ட்வேர் பிளாப்பியை மெஷின் வாயில் கொடுத்தால் வேலையைக் கற்றுக்கொள்ளும். சாயங்காலம் நிறுத்தினால் மறந்துவிடும். எங்கள் ஆபீசுக்குப் பொருத்தமான மெஷின்.

மெயின் சாப்ட்வேர் ஒன்று. கட்டளை எழுதினால் சராசரி போடும், ஏற்ற இறக்கம் பார்க்கும். அதற்குத் தெரியாத வேலைகளுக்குத் தனித்தனியாகச் சின்ன சாப்ட்வேர்கள். மெயினோடு சேர்த்தால்தான் அவை ஓடும். கம்பெனிக்காரர்கள் அதற்கு ஏதோ பெயர் சொன்னார்கள். நாங்கள் ஒட்டு என்போம். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிற ஊர். வேறு பெயர் வாயில் வரவில்லை.

விட்டுப்போன எண்ணுக்குத் தோராயம் போட ஒரு ஒட்டு. ரிப்போர்ட்டைக் கட்டம் போட்டு அடிக்க ஒரு ஒட்டு. காலண்டர் அடிக்க ஒரு ஒட்டு. இது ஆபீசருக்கு மட்டும் பயன்பட்டது. மேலே அவர் பெயர் வரும்.

முக்கியமானது உலர்த்தும் ஒட்டு. நிலக்கடலையைப் பிடுங்கியதும் காட்டிலேயே எடை போடுவோம். ஈரமும் மண்ணும் சேர்ந்த எடை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் கொஞ்சம் காய் எடுத்துவந்து காயவைத்து எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் மாறும். அதையெல்லாம் கழித்து, காய்ந்த காயின் எடையைத் தருவது அந்த ஒட்டு. மேடத்துக்காக ஒரு காலேஜ் வாத்தியார் எழுதிக் கொடுத்தது. அவர் அமெரிக்கா போய்விட்டார்.

அன்று பெங்களூர்க்காரர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். புது வெர்ஷன். மெஷினில் போட்டார். திரையில் வட்டமாக ஒரு படம் வந்தது. அதைத் துண்டு துண்டாக அறுத்துக் காட்டியது.

"பலாப்பழம் மாதிரி அறுக்குதே" என்றார் ஆபீசர்.

"ஒவ்வொரு சுளையும் ஒரு பயிர் சார்."

"பழசு இதெல்லாம் பண்ணாதா?"

"பழசா? அதை விடுங்க சார். அது ஆய்த்து, முடிஞ்சு போச்சு."

மேடம் ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க ஒட்டெல்லாம் இதுல ஓடுமா?"

"ஓடும் மேடம், ஓடும்."

"போட்டுப் பாத்துடலாமா?"

பெங்களூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் இதெ மேடம், நேரமாச்சு. நீங்களே ஸ்வல்ப பாத்துக்குங்க."

மேடம் சாப்பிடப் போனார். வந்து போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் ஆரோக்கியசாமி தன் விதியை எடுத்தார்.

அவர் விதி சின்னது. பழசைக் கொடுத்தால்தான் புதுசு. தேய்ந்த விளக்குமாற்றின் கட்டை வந்தால்தான் புது விளக்குமாறு. எழுதித் தீர்ந்த ரீபில்லைக் காட்டினால்தான் புது ரீபில். பியூன் ஒருவர் செருப்பு அறுந்ததற்கு அறுந்த வாரைக் கொண்டுபோய்க் காட்டினார், பழக்கத்தில். செருப்பு அவருடைய சொந்தச் செருப்பு.

"புது வெர்ஷன் வந்துருச்சுங்க. பழசைக் குடுத்துருங்க. இல்லீன்னா இதை நான் ஸ்டாக்குல ஏத்த முடியாதுங்க" என்றார் ஆரோக்கியசாமி.

"மேடம் வந்துரட்டுங்களே" என்றேன்.

"அவங்க வந்தா கேள்வி கேப்பாங்க" என்றார் ஆபீசர். கையெழுத்துப் போட்டார்.

ஆரோக்கியசாமி பிளாப்பிப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். மெயின், ஒட்டுகள், எல்லாம். நகல் எடுத்து வைத்திருந்தோம். நகலும் அதே பெட்டியில்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடம் வந்தார். பெட்டி எங்கே என்றார். சொன்னேன். ஸ்டோருக்குப் போனார். பூட்டியிருந்தது. ஆரோக்கியசாமி சோளக்காட்டுக்குப் போக லீவு போட்டிருந்தார். திரும்பி வந்தபோது மேடம் பென்னாகரம் பக்கம் முகாமில் இருந்தார். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் போனதில் பேச்சு விட்டுப் போனது. ஆபீசில் ஒரு விஷயம் காணாமல் போக யாரும் திருட வேண்டியதில்லை.

அந்த வருஷம் கடத்தூர்ப் பக்கம் மழை ஏமாற்றியது. கடலை காய்க்கவில்லை. பிடுங்குகிற வாரத்தில் ஒரு மழை வந்தது. காய்க்கு உதவாத மழை. எடைக்கு உதவிய மழை.

விளைச்சல் போன ஊர்களுக்கு அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எந்தெந்த ஊர் என்பதை எங்கள் கணக்கு சொல்லும். திங்கட்கிழமை கலெக்டர் கூட்டம். விதைக்கு வைத்திருந்த காயைப் பலர் விற்றிருந்தார்கள். சிலர் தின்றிருந்தார்கள். எங்கள் தாளில் ஊர் பெயர் இல்லையென்றால் அவர்கள் காடு சும்மா கிடக்கும்.

வியாழக்கிழமை எல்லா எடையையும் நான் ஏற்றி முடித்தேன். புது வெர்ஷன் சுறுசுறுப்பாகக் கணக்குப் போட்டது. கடத்தூர்ப் பக்கம் அமோக விளைச்சல். வட்டப் படத்தில் கடலைச் சுளைதான் பெரிசு.

ஆபீசருக்கு மகிழ்ச்சி. கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். "பயப்பட ஒன்னுமில்லீங்க. கடலை நல்லா இருக்குதுங்க. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு."

மேடம் தாளைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை.

"என்னம்மா?" என்றார் ஆபீசர்.

"நான் அந்தக் காட்டுக்கெல்லாம் போயிருந்தேன் சார். செடியைப் பிடுங்கினா மண்ணுதான் வந்துச்சு."

"அது நீங்க கண்ணால பாத்தது. இது மெஷின் போட்டது."

"மெஷின் மண்ணையும் சேத்து எடை போட்டிருக்கு சார். தண்ணியையும். உலர்த்தும் ஒட்டு இல்லாமப் போட்ட கணக்கு இது."

ஆபீசர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"கையால கழிச்சுப் போட முடியாதா?"

"எல்லா ஊர், எல்லா காடு. முடிக்கிறதுக்குள்ள கலெக்டரே மாறிப் போயிடுவாரு சார்."

"புதுசுலயே அந்த ஒட்டை எழுதிட்டா?"

மேடம் புது வெர்ஷனோடு வந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தலையணைக்கு ஆகும். 

ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டோம்.

"பழைய பிளாப்பி எங்கே?" என்றார் மேடம்.

"கண்டெம் பண்ணியாச்சுங்க."

கண்டெம் என்றால் இனி உதவாது என்று எழுதித் தள்ளுவது. தள்ளிய பொருளை யாரும் மறுபடி பயன்படுத்தாமல் இருக்க அதில் ஓட்டை போட வேண்டும். வாளி என்றாலும் ஓட்டை, ஜமுக்காளம் என்றாலும் ஓட்டை.

மேடம் முந்திக்கொண்டு கேட்டார். "ஓட்டை போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. கம்பெனிக்காரனே நடுவுல போட்டுத்தான் அனுப்பியிருக்கான். அந்த வேலை மிச்சம்."

மேடம் மூச்சு விட்டார். "இப்ப எங்கே இருக்கு?"

ஆரோக்கியசாமி சாவிக்கொத்தைப் பார்த்தார். "மதிப்பில்லாத பொருளுன்னு எழுதிட்டேங்க. அழிக்கணும். எரிச்சா நாறும். நாய்க்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. சும்மா போறத எடுத்துட்டுப் போயி..."

"போயி?"

"சோளக்காட்டுல கட்டித் தொங்க விட்டிருக்கேங்க. பாக்க செத்த காக்கா மாதிரியே இருக்குதுங்க. காத்துல திரும்புது. ஒரு பறவை அண்டறதில்ல."

ஆபீசர் குடையை எடுத்தார். விடிந்ததும் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கடத்தூர் தாண்டி ஆரோக்கியசாமி காட்டில் இறங்கினோம். கிணற்றோரம் கொஞ்சம் சோளம் பால் பிடித்து நின்றது. அதற்கு மேலே கயிறு. கயிற்றில் எங்கள் அலுவலகம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியசாமியின் மனைவி செசிலி வரப்பில் நின்றார். புருஷனைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க, ஜீப்புல கொண்டாந்து வுடறாங்க. என்னத்தத் திருடினீங்க?"

"திருடல செசிலி. ஆபீஸ் பொருளு. திருப்பி வேணுமாம்."

"அவுக்கக் கூடாது. இதைக் கட்டினதுல இருந்து ஒரு கிளி வரல, காக்கா வரல. நீங்க அவுத்துட்டு வண்டியேறிப் போயிருவீங்க. பொழுதுக்கும் நான் நின்னு தகரம் தட்டோணுமா?"

மேடம் முன்னால் போனார். "பக்கத்துல இருக்கிற கடலைக்காடு உங்களோடதாம்மா?"

"ஆமாங்க. கடலைக்காடுன்னு பேரு. செடியத்தான் புடுங்கினோம்."

"விதைக்காய் இருக்கா?"

"எங்கீங்க. குடுக்கறாங்கன்னாங்க. அதைத்தான் பாத்துட்டு இருக்கறோம்."

"அது வரணும்னா உங்க ஊர்ல காய் காய்க்கலைன்னு நாங்க கணக்கு அனுப்பணும். அந்தக் கணக்கைப் போடறது அதோ தொங்குதே, அதுல இருக்கு. அது இல்லாமப் போட்டா உங்க ஊர்ல அமோகமா விளைஞ்சிருக்குன்னு வருது."

செசிலி கயிற்றைப் பார்த்தார். கடலைக்காட்டைப் பார்த்தார். கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"அப்ப இந்த மனுசன் நம்ம விதைக்காயையே கொண்டாந்து காக்காய்க்குக் கட்டி வெச்சிருக்குது."

"கண்டெம் ஆன பொருளு செசிலி."

"மொதல்ல ஒன்னக் கண்டெம் பண்ணணும்."

இருந்தாலும் அவர் சும்மா விடவில்லை. கறுப்பாக வேறு ஏதாவது கட்டிவிட்டுத்தான் இதை அவிழ்க்க வேண்டும் என்றார். ஜீப்பில் தேடினோம். கறுப்பாக ஒன்றுமில்லை. எல்லோரும் ஆபீசர் கையைப் பார்த்தோம்.

"இது என் மாமனார் வாங்கிக் குடுத்தது" என்றார் ஆபீசர்.

"மாமனாரு நல்லா இருக்கட்டுங்க" என்று வாங்கிக்கொண்டார் செசிலி. குடையை விரித்தே கட்டினார். காற்றில் அது பெரிய காக்காய் மாதிரி ஆடியது. ஆபீசர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவிழ்த்தோம். சில பிளாப்பி வெயிலில் வளைந்திருந்தன. சிலவற்றில் பனியும் புழுதியும் சேர்ந்து அப்பியிருந்தது. சிலவற்றின் மேல் பயப்படாத பறவைகள் எச்சமிட்டிருந்தன. கயிற்றின் கோடியில் இருந்ததை ஆடு எட்டிப் பாதி தின்றிருந்தது. அதுதான் உலர்த்தும் ஒட்டின் நகல். அசல் மட்டும் இருந்தது. உறை முழுக்கச் சேறு.

ஆபீசுக்கு வந்ததும் மேடம் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டார். பேசியது எங்களுக்கும் கேட்டது. அப்போதெல்லாம் போனில் எல்லோரும் கத்துவார்கள்.

"எங்க ஒட்டு புது வெர்ஷன்ல ஓடுமா, ஓடாதா?"

"ஓடாது மேடம். அது பழைய வெர்ஷனுக்கு எழுதினது."

"அன்னைக்கு ஓடும்னீங்களே?"

"அன்னைக்கு நீங்க எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க மேடம்."

மேடம் போனை வைத்தார். கோபப்படவில்லை. நானாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து புது வெர்ஷனோடு மல்லுக்கட்டியிருப்பேன். ஆபீசர் அதைத்தான் சொன்னார். எப்படியாவது புதுசில் ஓட வையுங்கள் என்றார். மேடம் முடியாது என்றார்.

"புதுசு புது வேலைக்கு சார். இந்த வேலைக்குப் பழைய மெயின், பழைய ஒட்டு. ரெண்டையும் சேத்துத்தான் எழுப்பணும்."

"எழுப்பறதுன்னா, இதை எடுத்து வாயில குடுக்க வேண்டியதுதானே மாதப்பா?"

நான் கையை நீட்டவில்லை. மெஷின் ஒன்றுதான். சேற்றோடு கொடுத்தால் மெஷினும் போகும், பிளாப்பியும் போகும். மேடமும் அதைத்தான் சொன்னார். உள்ளே இருக்கிற தகட்டை எடுத்து, துடைத்து, புது உறையில் போட வேண்டும். புது உறைக்குப் புது பிளாப்பியை அறுக்க வேண்டும்.

ஆரோக்கியசாமிக்கு மூச்சு வாங்கியது. "புதுசை அறுக்கறதுக்கு விதியே இல்லீங்களே."

"விதைக்காய் வேணுமா, விதி வேணுமா?" என்றார் மேடம்.

"அறுங்க" என்றார் ஆரோக்கியசாமி. உடனே, "குடுங்க, நானே அறுக்கறேன். நீங்க அறுத்தா தகட்டையும் சேத்து அறுத்துருவீங்க" என்றார்.

அவர் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர். பிளேடை மெழுகில் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். உறையின் ஒரு ஓரத்தை மட்டும் திறந்தார். பழைய தகட்டை விரல் படாமல் உருவினார். மேடம் பஞ்சில் துடைத்துக் காயவிட்டார். புது உறைக்குள் செருகினார் ஆரோக்கியசாமி. ஓரத்தை டேப் போட்டு ஒட்டினார். காலண்டர், மெயின், உலர்த்தும் ஒட்டு எல்லாவற்றுக்கும் இப்படியே. பழக்கத்தில் மேலே வாழைநார் சுற்றப் போனார். தடுத்தோம்.

சனிக்கிழமை காலை எல்லாம் தயாராக இருந்தது. ஆபீசர் உலர்த்தும் ஒட்டை எடுத்து நீட்டினார்.

மேடம் வாங்கி மேசையில் வைத்தார். "இது கடைசி. முதல்ல காலண்டர்."

"எதுக்கு காலண்டர்?"

"போனாலும் பரவாயில்லாதது அது ஒன்னுதான் சார்."

ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் காலண்டர்தான் முதலில் போனது. மெஷின் முனகியது. நின்றது. திரையில் ஜனவரி வந்தது. மேலே ஆபீசர் பெயர்.

"பாத்தீங்களா, என்னோடது ஓடுது" என்றார். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

துடைத்த விதம் சரி என்று தெரிந்தது. அடுத்து பழைய மெயின். நகலை மெஷின் படிக்கவில்லை. அசலைப் படித்தது. அடுத்து உலர்த்தும் ஒட்டு. மெஷின் கரகரவென்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதியது. மறுபடி முயலவா என்று கேட்டது.

நான் மேடத்தைப் பார்த்தேன்.

"வெளியே எடு."

"இன்னொரு தடவை தட்டிப் பாக்கலாமே" என்றார் ஆபீசர்.

"ஒவ்வொரு தடவையும் சுரண்டும் சார். எடு மாதப்பா."

எடுத்தேன். ஆரோக்கியசாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உறை ஒரு பக்கம் இறுக்குதுங்க. தகடு சுத்த முடியல. கன்னுக்கு மூச்சு முட்டுது." இன்னொரு புது பிளாப்பியை ஸ்டோரிலிருந்து அவரே எடுத்துவந்து அறுத்தார். அவர் வாழ்க்கையில் பழசு வாங்காமல் புதுசு கொடுத்தது அந்த இரண்டு நாள்தான். வாங்கியவரும் அவரேதான்.

மறுபடி கொடுத்தேன். மெஷின் முனகியது. கரகரப்பு இல்லை.

"ஓட விடு, ஓட விடு" என்றார் ஆபீசர். சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

"நகல்" என்றார் மேடம்.

முதலில் நகல் எடுத்தோம். நகலை நகல் எடுத்தோம். ஒன்று மேடத்தின் கைப்பையில் போனது, ஒன்று என் சாப்பாட்டுப் பையில். அப்புறம்தான் ஓடவிட்டோம். பிள்ளைகளே, நான் இங்கே உங்களுக்குச் சொல்ல நினைத்தது இந்த ஒரு இடம்தான். கைக்குக் கிடைத்ததும் ஓட்டத்தான் தோன்றும். திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது, பின்னால் ஆபீசர் மூச்சு விடுகிறார். அப்போதும் முதலில் நகல்.

ஓட்டுவதற்கு முன் மேடம் இன்னொன்றும் செய்தார். போன வருஷத்துக் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னார். போன வருஷத்து விடையே வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வருஷத்தைத் தொட்டோம். நீங்களும் புது வெர்ஷன் போட்டால் ஒவ்வொரு ஒட்டையும் பழைய கணக்கில் ஓட்டிப் பாருங்கள். பழைய விடை வருகிற வரைக்கும் பழசு பக்கத்திலேயே இருக்கட்டும். ஓடுகிறது என்று விற்கிறவர் சொன்னால் தலையாட்டுங்கள். நம்ப வேண்டியதில்லை.

மெஷின் ஊர் ஊராக அடித்துத் தள்ளியது. இண்டூர், பாப்பாரப்பட்டிப் பக்கம் கொஞ்சம் இறங்கியது. கடத்தூர்ப் பக்கம் வந்ததும் எண்கள் தரையில் உட்கார்ந்தன.

ஆபீசர் தாளைப் பார்த்தார். முகம் வாடியது. "கடலை நல்லா இருக்குன்னு கலெக்டர் ஆபீசுக்குச் சொல்லிட்டேனே."

"ஈரக்காயைச் சொன்னீங்க சார். இப்ப காய்ஞ்சதைச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னு வேற சொன்னேன்."

"இதுவும் கம்ப்யூட்டர்தான் சார்."

ஆபீசர் போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். கணக்கில் தவறு நடந்துவிட்டது, தவறு தன் அலுவலகத்தில்தான் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. கேட்டு முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. காது சிவந்திருந்தது. வைத்துவிட்டுத் தாளை மேடத்திடம் நீட்டினார். மேடம் கையெழுத்துப் போட்டார். ஆபீசரும் போட்டார். அன்று முதல் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. குடை போனதற்காக இல்லை.

அந்தப் பட்டத்துக்கு விதைக்காய் வந்த ஊர்கள் பதினேழு. அதில் செசிலியின் ஊரும் ஒன்று.